பதினொரு நாளில் வந்த சட்டம்

களுவாஞ்சிக்குடி மேடையில் நின்று அவசரகாலச் சட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டிய அவசியம் எந்தப் பேச்சாளருக்கும் இல்லை. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் கண்டு வளர்ந்த தலைமுறைகள் என் முன்னால் அமர்ந்திருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. அந்தச் சட்டம் முதன்முதலில் யாரைப் பிடிக்க எழுதப்பட்டது? தமிழரைப் பிடிக்க என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வெள்ளைக்காரத் தேசாதிபதியின் காலத்தில், தொழிற்சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த எழுதுவினைஞர்களையும் தொழிலாளர்களையும், அவர்களுக்குத் தலைமை கொடுத்த சமசமாஜிகளையும் கொம்யூனிஸ்ட்டுகளையும் அடக்க எழுதப்பட்ட சட்டம் அது. பிறந்த அன்று யாரை அது எதிரியாகப் பார்த்ததோ, அந்தப் பார்வை இன்னும் மாறவில்லை. தெருவில் இறங்கிக் கேள்வி கேட்கும் குடிமகனைக் கண்டால் அது ஓடி வரும். அந்தக் குடிமகனை யாராவது வெட்ட வந்தால் அதற்குக் கால் எழும்பாது. இதுதான் இன்று நான் சான்றுகளோடு வைக்கப்போகும் வாதம்.

கதையை 1937இலிருந்து தொடங்க வேண்டும். பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வேலை பழக வந்தவர். துரைமார் கூட்டத்தில் சேர வேண்டியவர், லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து தோட்டத் தொழிலாளர்களுக்காக மேடையேறினார். வெள்ளைத் தோல் ஒன்று கூலிகளின் பக்கம் நின்று பேசுவதைத் தோட்டத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டு ஆணை ஒன்றைத் தூசி தட்டியெடுத்து அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். கட்சிக்காரர்கள் அவரை ஒளித்து வைத்து, மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு கைதானார், வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எச். வி. பெரேரா வாதாடினார். நாட்டில் அப்படியொரு அவசர நிலையே இல்லாதபோது அந்த அதிகாரத்தைத் தேசாதிபதி பயன்படுத்த முடியாது என்று நீதியரசர்கள் தீர்த்தார்கள். பிரேஸ்கேர்டில் விடுதலையானார். ஆட்சி குடியேற்ற ஆட்சிதான். ஆனாலும் 'உண்மையில் அவசரம் இருக்கிறதா' என்று நிர்வாகத்தைப் பார்த்துக் கேட்கும் துணிவு அதன் நீதிமன்றத்துக்கு அன்று இருந்தது. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது எங்கே போனது என்று பார்ப்போம்.

அடுத்து யுத்த காலம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்தில் சமசமாஜிகளின் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் என்ற தமிழ்த் தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழுவில் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அதே ஆண்டு ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி, கொல்வின் ஆகியோர் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ், வழக்கு ஏதுமின்றிச் சிறை வைக்கப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். இரண்டு நாள் கழித்து இந்த நால்வரும் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள். மேலும் இரண்டு நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் நமது மட்டக்களப்புக் கடலிலே மூழ்கியது. யுத்தம் வாசலுக்கு வந்திருந்த நேரத்தில் அப்படிப்பட்ட விதிகளுக்கு ஒரு நியாயம் சொல்லலாம், நான் மறுக்கவில்லை. கேட்க வேண்டியது, யுத்தம் முடிந்த பிறகு அந்த அதிகாரத்தை ஆட்சியாளர்கள் கீழே வைத்தார்களா என்பதுதான்.

வைக்கவில்லை. 1947 மே, ஜூன் மாதங்களில் நடந்த பொது வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்துக்கு ரி. பி. இலங்கரத்ன தலைவர். அரச ஊழியருக்கு முழுமையான தொழிற்சங்க உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டுக் கூட்டம் போட்டவர்களை அரசாங்கம் வேலையிலிருந்து இடைநிறுத்தியது, இடதுசாரிகளின் தொழிற்சங்கங்கள் துணைக்கு வந்தன, வேலைநிறுத்தம் பெருத்தது. ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஊர்வலமாகப் போனவர்கள்மீது பொலிஸார் சுட்டார்கள். கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். முல்லோயாவில் கோவிந்தன், கொழும்பில் கந்தசாமி. இருவரும் தமிழர், இருவரும் சிங்களத் தோழர்களோடு தோள் சேர்ந்து நின்ற போராட்டத்தில் இறந்தவர்கள். கந்தசாமியை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வந்தது அவருடைய தொழிற்சங்கம். நமது மேடைகளில் அந்தப் பெயர் அபூர்வமாகத்தான் கேட்கிறது. சரி, துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்தது? சுட்டது சரியா என்று தன்னைக் கேட்டுக்கொண்டதா? ஜூன் 16ஆம் திகதி, கந்தசாமி விழுந்து பதினொரு நாளில், 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசாதிபதி ஹென்றி மங்க்-மேசன் மூர். சுதந்திரத்துக்கு எட்டு மாதங்கூட இருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது? நாட்டின் தலைமை ஒரு பிரகடனம் செய்தால் போதும், அவசரகால ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரம் கைக்கு வந்துவிடும். ஆட்களைத் தடுத்து வைக்கலாம், வீடுகளைச் சோதனையிடலாம், உடைமைகளை எடுத்துக்கொள்ளலாம். 7ஆம் பிரிவின்படி அந்த விதி நாட்டின் மற்றச் சட்டங்களை மேவும். 8ஆம் பிரிவு, அந்த விதியையோ அதன்கீழ் இட்ட கட்டளையையோ எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது. 9ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்தோம் என்று சொல்லும் அதிகாரிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. இப்போது பிரேஸ்கேர்டில் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1937இல் நீதிமன்றம் நுழைந்த அதே வாசலில் ஒரு பூட்டுத் தொங்குகிறது. அந்த வழக்கில் பட்ட அவமானம்தான் இந்தப் பூட்டுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லும் ஆவணம் எதையும் நான் நீட்டவில்லை. ஆனால் ஆட்சியாளர்கள் தோற்ற வழக்குகளை மறப்பதில்லை என்பது என் கணிப்பு.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: 'இதை எப்படிக் குடியேற்ற அரசின் சட்டம் என்கிறீர்கள்? 1931இலிருந்து சர்வசன வாக்குரிமையில் தெரிவான அரசாங்க சபை இருந்தது. டி. எஸ். சேனநாயக்காவும் அமைச்சர்களும் இருந்தார்கள். நம்மவர்கள்தானே கை உயர்த்தினார்கள்?' உண்மை. இந்தத் தடையை நான் மனமார ஏற்கிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அதுதான் பலம் சேர்க்கிறது. போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் அந்த ஜூன் மாதத்தில் பயம் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டின் தேர்தலில் 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42தான் கிடைத்தது; சமசமாஜக் கட்சிக்குப் பத்து, போல்ஷெவிக் லெனினிஸ்ட்டுகளுக்கு ஐந்து, கொம்யூனிஸ்ட் கட்சிக்கு மூன்று. மலையகத் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிறகு அந்த மக்களின் வாக்கும் போனது. செங்கொடிப் பயத்தையும் இனப் பயத்தையும் தனித்தனியாக வைத்து இந்த நாட்டு வரலாற்றைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

இன்னொரு தடையும் உண்டு, அது கனமானது. 'அவர்கள் சும்மா சம்பளம் கேட்டவர்களா? புரட்சி செய்வோம் என்று பகிரங்கமாகச் சொன்னவர்கள். தன்னைக் கவிழ்ப்பேன் என்பவனை ஓர் அரசு கைகட்டிப் பார்த்திருக்குமா?' சமசமாஜிகள் புரட்சிவாதிகள்தான்; அதை அவர்களே மறைக்கவில்லை. ஆனால் அரசு பதில் சொல்ல வேண்டியது ஒருவருடைய நூலகத்துக்கு அல்ல, அவருடைய செயலுக்கு. 1947 ஜூனில் நடந்தது ஆயுதப் புரட்சியல்ல. வேலைநிறுத்தம் ஓய்ந்து சில வாரங்களில் அதே தலைவர்கள் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனார்கள். வென்று பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி வாங்கில் அமர்ந்தார்கள். உண்மையிலேயே துப்பாக்கி தூக்கிய இடம் மலாயா. அங்கே 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. அங்குகூட முதலில் அடிபட்டவர்களில் தொழிற்சங்கக்காரர்கள் இருந்தார்கள்: அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி என்ற தமிழர், ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். மலாயாவின் அவசரகாலம் 1960இல் முடிந்தது. முடிந்த கையோடு அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கென்று சொல்லப்பட்ட அச்சட்டம் 1987இல் எதிர்க்கட்சியினரையும் சமூக ஆர்வலர்களையும் உள்ளே தள்ளியது. அங்கே 2012இல் அதை நீக்கிவிட்டார்கள். நமது 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட மூத்தது, இன்னும் உயிரோடிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அது எப்படி நடந்துகொண்டது? 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் ஹர்த்தால் நடத்தினார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறிக் கூடியது. அவசரகாலம் தாமதமின்றி வந்தது. 1958இல் மே 22ஆம் திகதி பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் தமிழ்ப் பயணிகளைத் தேடித் தாக்கத் தொடங்கினார்கள். அவசரகாலப் பிரகடனம் வந்தது 27ஆம் திகதி. அந்த ஐந்து நாட்களின் விலையை மட்டக்களப்புப் பாதையில் பயணம் செய்தவர்கள் கொடுத்தார்கள். 1961இல் தமிழரசுக் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் இருந்தது. மட்டக்களப்புக் கச்சேரி வாசலிலும் மக்கள் நிலத்தில் அமர்ந்தார்கள். இந்தப் பட்டிருப்புத் தொகுதியின் அன்றைய உறுப்பினர் எஸ். எம். இராசமாணிக்கம் அக்கட்சியைச் சேர்ந்தவர். கல்லெறியாத அந்தக் கூட்டத்துக்கு எதிராக ஏப்ரலில் அவசரகாலம் கொண்டுவந்து, இராணுவத்தை இறக்கி, தலைவர்களைப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள். எழுதுவினைஞருக்காக வெட்டிய குழியில் சத்தியாக்கிரகி விழுந்தார்.

பிறகு 1971. அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மார்ச் 16ஆம் திகதி அவசரகாலம் பிரகடனமானது, ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் அடைக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அந்த அமைச்சரவையில் நிதியமைச்சர் யார்? என். எம். பெரேரா. அரசியலமைப்பு விவகாரம் யார் கையில்? கொல்வின் ஆர். டி சில்வா கையில். எவர்களை அடக்க அந்தச் சட்டம் எழுதப்பட்டதோ அவர்கள் இப்போது அதன் மறுபக்கத்தில் இருந்தார்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அந்த அவசரகாலம் நீடித்தது. கொல்வினின் அறிவையோ என். எம்.மின் நேர்மையையோ நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு கற்றவர்கள் அதிகாரத்துக்கு வந்தும் இச்சட்டத்தின் பற்களைப் பிடுங்கவில்லை என்றால், நல்லவர்கள் கையில் அது நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்று பாருங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை, இதைப் பாராளுமன்றமே இயற்றிய சட்டமாகக் கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்தது. தேசாதிபதியின் பிள்ளைக்கு அன்றுதான் முழுக் குடியுரிமை கிடைத்தது.

'பயங்கரவாதம் வந்ததே, அப்போது இது இல்லாமல் என்ன செய்திருப்போம்?' என்று கேட்பவர்களுக்கு 1983ஐக் காட்டுகிறேன். அந்த ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவசரகாலம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது; மே மாதமே பிரகடனமாகிவிட்டது. வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோதும் அது நடைமுறையில்தான் இருந்தது. அந்த ஆண்டு அதன்கீழ் வந்த 15அ என்ற ஒழுங்குவிதி எதற்குத் தெரியுமா? மரண விசாரணை இல்லாமல் சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் பொலிஸாருக்கு வழி செய்தது. இந்தக் கரையில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவசரகாலம் கொண்டுவந்ததில் நியாயம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்த நாட்டுக்கும் சில நாட்களுக்கு அப்படியொரு அதிகாரம் தேவைப்படலாம். ஆனால் 2022இல் மார்ச் 31ஆம் திகதி இரவு மக்கள் மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டு வாசலுக்குப் போனபோது, மறுநாளே பிரகடனம் வந்துவிட்டது. பொலன்னறுவைக்கு ஐந்து நாள், மிரிஹானைக்கு ஒரு நாள்.

ஆகவே அவசரகால அதிகாரமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்த அதிகாரத்தை எடுப்பவரிடம், 'உண்மையில் அவசரம் இருக்கிறதா, இந்த மனிதரை ஏன் பிடித்தாய்' என்று கேட்கும் உரிமை நீதிபதிக்கு வேண்டும் என்கிறேன். 1987இல் உயர் நீதிமன்றம் ஜோசப் பெரேரா வழக்கில் ஓர் அவசரகால ஒழுங்குவிதியைச் செல்லாது என்றது. ஆக நீதியரசர்களே பூட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1937இல் அந்நியன் ஆட்சியில் ஓர் அவுஸ்திரேலியனுக்குத் தடையின்றிக் கிடைத்த கேள்வியுரிமை, சொந்த ஆட்சியில் களுவாஞ்சிக்குடிக்காரனுக்கும் அப்படியே கிடைக்க வேண்டும். 8ஆம் பிரிவை நீக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டியதில்லை. இது சாதாரண சட்டம். 1949இலும் 1953இலும் 1959இலும் 1988இலும் பாராளுமன்றம் இதைத் திருத்தியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் தனக்கு வேண்டியபடி. அடுத்த தேர்தலில் பட்டிருப்புக்கு வாக்குக் கேட்டு வருகின்ற ஒவ்வொருவரிடமும், அவர் எந்தக் கொடியோடு வந்தாலும், அந்தப் பிரிவை நீக்கக் கை உயர்த்துவாரா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.