கிருபாபாய் சத்தியநாதன்: தமிழ் வரலாறு மறந்த ஆசிரியை



தமிழ் நாவலின் தோற்றம் பற்றிய பேச்சு எழுந்தால் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) முன்னே வரும். அடுத்து, 1896இல் நூலான ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. அதே 1896இல் வேறொரு கமலாவின் கதையும் தமிழில் அச்சேறியது. அதைப் பேசுவார் அரியர். அதை இயற்றிய அம்மையார் மராத்தியர். இயற்றிய மொழியோ ஆங்கிலம். இவ்விரண்டும் போதுமான காரணங்களாயின போலும்!

கிருபாபாய் 1862இல் அகமத்நகரில் பிறந்தார். கிறித்துவம் தழுவிய அந்தணக் குடும்பம். தமையன் பாஸ்கர் ஊட்டிய கல்வியார்வம் 1878இல் அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. அக்கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்து அப்போது மூன்றே ஆண்டுகள். தங்கியது, சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகர் சத்தியநாதன் இல்லத்தில். கொட்டிவாக்கத்தில் கூடும் இவ்வட்டத்தினருக்கு அது எட்டாத் தொலைவன்று. முதலாண்டில் பரிசுகள் பெற்றார். ஆனால் உடல்நலம் குலைந்து படிப்பு நின்றது. 1881இல் அப்போதகரின் மைந்தர் சாமுவேலை மணந்து உதகமண்டலம் சென்றார்.

மருத்துவராக வேண்டியவர் அங்கே ஆசிரியை ஆனார். முகம்மதியச் சிறுமியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு பள்ளிகளுக்கும் சென்று கற்பித்தார். 'ஓர் இந்தியப் பெண்மணி' என்ற புனைபெயரில் இதழ்களில் எழுதத் தொடங்கியதும் அம்மலையிலேதான். ராஜமுந்திரி, கும்பகோணம் என ஊர் மாறி, 1886இல் சென்னை திரும்பினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழில் 'சகுணா' தொடராக வந்தது 1887, 1888ஆம் ஆண்டுகளில்.

'சகுணா' பெரிதும் அவர்தம் வாழ்க்கையே. சமயம் பேசும் பக்கங்களில் அதன் நடை சற்றே தளர்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் புத்தகத்தை விரும்பும் சிறுமியைப் பெரியவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று காட்டுமிடங்களில், வகுப்பறையில் பல முகங்களைக் கண்ட கண் தெரிகிறது.

'கமலா' நோய்ப்படுக்கையில் உருவானது. ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் மறைந்துவிட்டது. பெற்றோரும் கணவரைப் பெற்றோரும் இல்லை. அந்நிலையில் அவர் எழுதியது தம் கதையை அன்று. பள்ளிக்கு வர இயலாத ஓர் இந்துச் சிறுமியின் கதையை. மணமாகி, மாமியார் வீட்டில் அல்லலுற்று, கைம்பெண்ணாகிறாள் கமலா. அவளை நேசிக்கும் ராமச்சந்தர் மறுமணம் வேண்டுகிறார். அவள் மறுத்து, அறப்பணியில் வாழ்நாளைக் கழிக்கிறாள். இம்முடிவு ஆசிரியையின் தயக்கமா, அக்காலத்து உண்மையா? வட்டத்தின் கவிஞர்கள் நாவலைப் படித்து வழக்காட வேண்டிய இடம் இது.

1894 ஆகஸ்டில் கிருபாபாய் மறைந்தார், அகவை முப்பத்திரண்டு. 'சகுணா' நூலானதை அவர் காணவில்லை. அது வெளிவந்தது 1895இல். ஆங்கில மூலங்கள் இரண்டையும் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் 1998இல் மீண்டும் அச்சிட்டது.