காஞ்சனபுரியில் ஒரு பகல்



சென்ற விடுமுறையில் நான் தன்னந்தனியே தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சென்று ஒரு பகல் சுற்றிப் பார்த்தேன். நம் பாட்டன் பூட்டன்மார் பாடுபட்ட சயாம் மரண ரயில்பாதை அவ்வூர் வழியாகத்தான் போகிறது.

குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரே கூட்டம். எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். பக்கத்தில் கடைகள்: பாலம் அச்சிட்ட சட்டை, பொம்மை ரயில், அவ்வூர் நீலக்கல். விலை பேசி, பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை வாங்கினேன்.

பிறகு போர்க் கல்லறைத் தோட்டம் சென்றேன். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே துயில்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், கல்லில் பெயர். அது முறைதான்.

ஆனால் 1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டவர்களில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளரே அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர். காலராவிலும் பட்டினியிலும் மடிந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்று கணிக்கிறார்கள். அவர்களுக்கு அவ்வூரில் பொது நினைவுச் சின்னம் உண்டு. ஆளுக்கொரு பெயர்க்கல் இல்லை. படைவீரர்களுக்குப் பட்டியல் இருந்தது. நம்மவருக்கு முழுப் பட்டியல் இல்லை.

தோழர்களே! பெரட்டில் பெயர் விட்டுப்போனால் கிராணியிடம் சண்டைக்கு வருகிறீர்களே, அது நியாயம். இறந்தவருக்கும் அதே நியாயம் வேண்டாமா? உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், திரும்பினாரா என்று பெரியவர்களைக் கேட்டு வந்து சொல்லுங்கள். எழுதும் வேலை என்னுடையது.