கேமரா முன் நின்ற தாள் எது?



பழைய ரோபோ கார்ட்டூன் ஓவியங்களைச் சேகரிப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' தொடர் அமெரிக்காவில் 1984இல் தொடங்கியது. அதன் பல பகுதிகளை வரைந்தது ஜப்பானின் டோயி நிறுவனம். கண்ணாடி போன்ற அசிடேட் தாளின் முன்பக்கம் கோட்டோவியத்தை நகலெடுப்பார்கள். பின்பக்கம் கையால் வண்ணம் தீட்டுவார்கள். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துக் கேமராவில் படம் எடுப்பார்கள். இந்தத் தாள்தான் 'செல்'.

விற்பனைக்கு வருபவை மூன்று வகை. முதலாவது, மேலே சொன்ன தயாரிப்பு செல். இரண்டாவது, லிமிடெட் எடிஷன். சேகரிப்பவர்களுக்கென்றே பிறகு கையால் தீட்டி, '500இல் 125' என்பது போல எண்ணிட்டுத் தருவது. அழகாக இருக்கும், ஆனால் கேமரா முன் நின்றதே இல்லை. மூன்றாவது 'செரிசெல்': திரை அச்சு முறையில் அச்சிட்டது.

ஆகவே விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது படப்பிடிப்பில் பயன்பட்டதா? கையால் தீட்டியதா, அச்சா? மொத்தம் எத்தனை பிரதிகள்? சான்றிதழில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். 5000 பிரதிகள் போட்டதை அபூர்வம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை. சூடும் ஈரப்பதமும் அசிடேட்டுக்கு எதிரி. தாள் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். அதைத் தாமதப்படுத்தலாம், குணப்படுத்த முடியாது. பக்கத்துத் தாள்களையும் அது கெடுக்கும். உடனே தனியே பிரித்து வையுங்கள். பால்கனி வெயில் படும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், மேல்தள வீட்டுப் பரண் எதுவும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்பீர்கள். இன்று கார்ட்டூன்களுக்குக் கணினியிலேயே வண்ணம் சேர்க்கிறார்கள். கடைசிவரை செல்லைக் கைவிடாத ஜப்பானின் 'சசாயே-சான்' தொடரும் 2013இல் மாறிவிட்டது. எனவே அந்தக் காலத்துத் தயாரிப்பு செல் ஒன்று கெட்டால், ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

லிமிடெட் எடிஷன் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடித்த ரோபோ, பிடித்த காட்சி என்றால் தாராளமாக வாங்குங்கள். தயாரிப்பு செல்லின் விலையை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.