தமாஷா மேடையில் பறந்த செங்கொடி

(பண்பாட்டு ஊழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உழைக்கும் மக்களின் ஊதியம், வேலைநேரம், குடியிருப்பு, ரேஷன் ஆகியவை குறித்து இடதுசாரி இயக்கம் விரிவாக விவாதிக்கிறது, அவற்றுக்காகப் போராடுகிறது. ஆனால், நாள் முழுவதும் உழைத்துவிட்டு அறைக்குத் திரும்பும் தொழிலாளி உறங்கச் செல்லுமுன் எதைப் பார்த்துச் சிரிக்கிறார், எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார் என்ற கேள்வி பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பொருளாகவே இடம்பெறுகிறது. நேரம் போதாமல் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படுவதும் அதுதான்.

ஆளும் வர்க்கம் அவ்வாறு ஒத்திவைப்பதில்லை. தொழிலாளியின் எட்டு மணி நேர உழைப்பை வாங்குகிற மூலதனம், அவரது ஓய்வு நேரத்தையும் இன்று சந்தைச் சரக்காக்கி விட்டது. இந்தச் சூழலில், இந்தியத் தொழிலாளி வர்க்கம் தன் பொழுதுபோக்கைத் தன் கையில் வைத்திருந்த ஒரு காலத்தைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். அந்த வரலாறு மும்பையின் ஆலைப் பகுதியில் நிகழ்ந்தது. அதன் மையத்தில் நிற்பவர் அண்ணாபாவ் சாட்டே.

ஆலைக் கிராமமும் அதன் இரவுகளும்

பரேல், லால்பாக், வொர்லி ஆகிய பகுதிகள் சேர்ந்த மும்பையின் பஞ்சாலை வட்டாரத்தை மராத்தி மக்கள் 'கிரண்காவ்' என்று அழைத்தனர். ஆலைக் கிராமம் என்பது அதன் பொருள். கொங்கண் கடற்கரையிலிருந்தும், சதாரா, சாங்லி போன்ற தக்காணப் பகுதிகளிலிருந்தும் பஞ்சமும் கடனும் விரட்ட, ஆயிரமாயிரமாய் மக்கள் இங்கே வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்த ஆண்கள். 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஒரே அறையை முறைமாற்றி முறைமாற்றிப் பலர் பகிர்ந்துகொண்டனர். பெண்கள் நடத்திய 'கானாவள்' என்னும் உணவு விடுதிகளில் மாதக் கணக்கில் சாப்பிட்டனர்.

இவர்களுடைய இரவுகளுக்கு உயிர் கொடுத்த கலை தமாஷா. டோலக்கியின் அடியும் துண்டுணேயின் ஒற்றைத் தந்தி ஒலியும் கேட்டால் கூட்டம் திரண்டுவிடும். விநாயகர் வணக்கமாகிய 'கண'த்தில் நிகழ்ச்சி தொடங்கும். அடுத்து, கண்ணனும் ஆயர்மகளிரும் வாதிடும் 'கவளண்'. பிறகு லாவணிப் பாடல்களும் நையாண்டி உரையாடலும் தொடரும். இறுதியில் 'வக்' எனப்படும் முழுநீள நாடகம் வரும். தஞ்சை மராட்டியர் ஆட்சியின் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, காமதகனக் கதையின் 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' வாதமாக வேர் பிடித்த லாவணியும் இந்த மரபின் உறவினர்தான்.

தமாஷாவை ஆடியவர்கள் மகர், மாங், கோல்ஹாட்டி உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். பார்த்தவர்கள் உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும். ஆதலால் மேட்டுக்குடியினருக்கு அது ஆபாசம். மேடையில் ஆடிய பெண்ணின் உடலை இழிவென்று பேசிய அதே கூட்டத்தில் ஒரு பகுதி, இருட்டில் அவளை விலை பேசவும் தயங்கவில்லை. சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து இந்தக் கலையின் மீது குத்திய முத்திரை அது.

வடிவத்தைக் கைப்பற்றிய முன்னோடிகள்

மக்கள் விரும்பும் வடிவத்தை இகழ்ந்து ஒதுக்குவதா, எடுத்துக்கொண்டு மாற்றுவதா என்ற கேள்விக்கு மராட்டியத்தின் சமூகப் புரட்சியாளர்கள் முன்பே விடை கண்டிருந்தனர். சிவாஜியைக் குறித்து 1869இல் வீரகாதைப் பாடலாகிய 'போவாடா'வை இயற்றினார் ஜோதிராவ் பூலே. அவர் 1873இல் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் வழிவந்தவர்கள், தமாஷாவின் அமைப்பிலேயே 'ஜல்சா' நிகழ்ச்சிகளை நடத்திக் கந்துவட்டிக்காரனையும் புரோகிதனையும் மேடையில் தோலுரித்தனர். அம்பேத்கர் இயக்கத்திலும் பீம்ராவ் கர்டக் போன்ற கலைஞர்கள் ஜல்சாவைச் சேரிகள்தோறும் கொண்டு சென்றனர். கம்யூனிஸ்ட் கலைஞர்கள் இந்தத் தொடர்ச்சியில்தான் வந்து சேர்ந்தனர்.

பெயர்ப்பலகைகளில் எழுத்தறிந்தவர்

அண்ணாபாவ் சாட்டே 1920 ஆகஸ்ட் 1 அன்று இன்றைய சாங்லி மாவட்டத்தின் வாட்டேகாவில் மாங் சாதியில் பிறந்தார். பிரிட்டிஷ் அரசு 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்திய சமூகங்களில் ஒன்று அது. அவரது பள்ளிப் படிப்பு ஒன்றரை நாளில் முடிந்துவிட்டதென்று கூறப்படுகிறது. பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு சிறுவயதில் கால்நடையாகவே மும்பை வந்தார். கரி பொறுக்கினார்; சுமை தூக்கினார்; ஆலையில் வேலை செய்தார். நகரத்தின் கடைப் பெயர்ப்பலகைகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தே எழுத்தறிவு பெற்றார். வெகுமக்கள் கலை ஒருவருக்குப் பள்ளிக்கூடமாகவும் அமையக்கூடும் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

மாட்டுங்கா லேபர் கேம்ப் அன்று கம்யூனிஸ்ட் செயல்பாட்டின் முக்கியத் தளம். அண்ணாபாவின் தொடக்ககாலப் பாடல்களில் ஒன்று அந்தக் குடியிருப்பின் கொசுக்களைப் பற்றியது. சாக்கடையும் கொசுவும் நிறைந்த இடத்தில் வாழும் தொழிலாளிக்கு அது வேடிக்கைப் பாட்டு. குடியிருப்பு உரிமை பற்றிய அரசியல் பாட்டும் அதுவே. அதே கைதான் பின்னர் ஸ்டாலின்கிராட் போரைப் பற்றிய போவாடாவை எழுதியது. வங்கப் பஞ்சம், 1946இல் அமல்நேரில் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளர்கள், பிரிவினைக் கலவரங்கள் என அன்றைய நிகழ்வுகள் அவரது பாடல்களாயின. நாளிதழ் படிக்க இயலாத தொழிலாளிக்கு ஷாஹிரின் பாடலே செய்தித்தாளாக விளங்கியது.

எது மாறியது, எது மாறவில்லை?

1944இல் அண்ணாபாவ், அமர் ஷேக், தத்தா கவாண்கர் ஆகிய மூவரும் இணைந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்னும் கலைக்குழுவைத் தொடங்கினர். செங்கொடிக் கலைக்குழு என்பது அதன் பொருள். தலித் ஒருவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தொழிலாளி ஒருவர், இந்து குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஒருவர் என அமைந்த அந்தக் கூட்டணியே ஓர் அரசியல் பிரகடனம்.

அவர்கள் செய்த மாற்றங்கள் கவனத்திற்குரியவை. விநாயகர் வணக்கம் இருந்த இடத்தில் தாய்மண்ணுக்கும் உழைப்பாளிகளுக்கும் தியாகிகளுக்கும் வணக்கம் வந்தது. ஆயர்மகளிரைச் சீண்டும் கவளண் நீக்கப்பட்டது. அரசர் கதைகளின் இடத்தில் நிலப்பிரபு, சேட்டு, போலித் தேசபக்தன், சுற்றுப்பயணம் வரும் அமைச்சர் ஆகியோர் வந்து நின்றனர். 'சேட்ஜியின் தேர்தல்', 'புத்தியின் கதை', 'மக்கள் அமைச்சரின் சுற்றுப்பயணம்' என்று பொருள்படும் தலைப்புகளே உள்ளடக்கத்தைச் சொல்லிவிடும்.

அவர்கள் மாற்றாமல் விட்டவை அதைவிட முக்கியமானவை. டோலக்கி அப்படியே இருந்தது. சோங்காட்யா என்னும் கோமாளி இருந்தான். பேச்சுமொழி இருந்தது. பார்வையாளர் இடைமறித்துப் பேசவும் நடிகர் அந்த இடத்திலேயே பதில் சொல்லவும் இருந்த சுதந்திரம் தொடர்ந்தது. கட்சித் தீர்மானத்தைப் பாத்திரங்களின் வாயில் திணித்திருந்தால் பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்திருக்கும். பகலில் மேஸ்திரிக்கு அஞ்சி நின்ற தொழிலாளி, இரவில் கோமாளியின் கேள்விக்கு முதலாளி திணறுவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். அச்சம் கலைவதற்குச் சிரிப்பும் ஒரு வழி. அடுத்த நாள் ஆலை வாயிலில் நடைபெறும் கூட்டத்திற்கு அந்தச் சிரிப்பு ஆள் சேர்த்தது.

தடையும் தணிக்கையும்

நாடு விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே பம்பாய் மாகாண அரசு தமாஷாவுக்குத் தடை விதித்தது. மொரார்ஜி தேசாய் அன்று உள்துறை அமைச்சர். ஆபாசம் என்பது சொல்லப்பட்ட காரணம். பின்னர் தடை தளர்த்தப்பட்டபோதும், நாடகப் பிரதியை முன்கூட்டியே தணிக்கைக்குச் சமர்ப்பிக்க வேண்டுமென்ற நிபந்தனை வந்தது. மேடையிலேயே பிறக்கும் உரையாடல்தான் தமாஷாவின் உயிர். எழுதித் தந்து அனுமதி பெற்ற பின்னரே பேச வேண்டுமென்றால் அந்த உயிரே போய்விடும். லாவணியின் சிருங்காரத்தைக் காட்டிலும் கோமாளியின் வாய் அரசுக்கு அதிகத் தொல்லையாக இருந்தது என்பதை இந்த நிபந்தனை உணர்த்துகிறது. அண்ணாபாவும் தோழர்களும் தங்கள் படைப்புகளை 'லோக்நாட்டியம்', அதாவது மக்கள் நாடகம் என்ற பெயரில் தொடர்ந்து நடத்தினர்.

சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின்போது இந்தக் கலையின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த அந்தப் போராட்டத்தின் விளைவாக 1960 மே 1 அன்று மும்பையைத் தலைநகராகக் கொண்ட மராட்டிய மாநிலம் பிறந்தது. அண்ணாபாவின் 'மாஜி மைனா' என்று தொடங்கும் லாவணி வகைப் பாடல் அன்று மக்களின் நாவில் நின்றது. பிழைப்புக்காக மும்பை வந்த தொழிலாளி, ஊரில் விட்டுவந்த மனைவியை நினைந்து உருகுகிறான். பாட்டு வளர வளர, அந்தப் பிரிவுத் துயரே மாநிலத்தோடு சேராமல் பிரிக்கப்பட்ட மராத்திப் பகுதிகளின் துயராக விரிகிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டு வந்தவர்களே. அவர்களின் அந்தரங்க வேதனையும் பொது அரசியலும் அங்கே ஒன்றாயின.

தீராத முரண்பாடு

இந்த வரலாற்றைப் போற்றும்போது அதன் முரண்பாட்டையும் மறைக்கலாகாது. லோக்நாட்டியம் 'தூய்மை' பெற்றதும் நடுத்தர வர்க்க அரங்குகள் அதை வரவேற்றன. ஆனால், பரம்பரையாகத் தமாஷாவில் ஆடிப் பிழைத்த தலித் பெண்களுக்கு அந்த மரியாதையில் பங்கு கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் விருது பெற்ற விட்டாபாய் நாராயண்காவ்கர், நிகழ்ச்சிக்கு நடுவே மேடைக்குப் பின்னால் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டு மீண்டும் ஆட வந்தவர் என்று நினைவுகூரப்படுகிறார். இதைக் கலை மீதான பற்றுக்குச் சான்றாகச் சொல்வோர் உண்டு. பேறுகால விடுப்பு, மருத்துவ வசதி, ஊதியப் பாதுகாப்பு எதுவும் இல்லாத ஓர் உழைப்பாளிப் பெண்ணின் நிலை அது என்று தொழிற்சங்கக் கண் காண வேண்டும். முன்பணத்திற்காகக் கந்துவட்டிக்காரரை நாடும் தமாஷா குழுக்கள் இன்றும் உள்ளன. கலைஞர் முதலில் ஓர் உழைப்பாளி என்ற புரிதல் இன்றிப் பண்பாட்டுப் பணி முழுமை பெறாது.

அண்ணாபாவின் வாழ்வும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1958இல் மும்பையில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் அவர். 1959இல் வெளிவந்து அரசு விருது பெற்ற 'ஃபகீரா' நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். வர்க்கப் போராட்டமும் சாதி ஒழிப்பும் அவரது எழுத்தில் ஒன்றையொன்று தழுவியே நின்றன. அவரது நாவல்கள் திரைப்படங்களாயின. தமாஷாக் கலைஞரின் வாழ்வைச் சொல்லும் 'வைஜயந்தா' அவற்றில் ஒன்று. ஆயினும் அவர் 1969 ஜூலை 18 அன்று வறுமையிலேயே மறைந்தார்.

ஆலை நிலத்தில் முளைத்த மால்கள்

1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ 2.5 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்தப் போராட்டம் நசுக்கப்பட்ட பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிலாளர்கள் சிதறினர், அவர்களோடு தமாஷா அரங்குகளின் ரசிகர்களும் கலைந்தனர். நகர வளர்ச்சி விதிகள் தளர்த்தப்பட்டு ஆலை நிலங்கள் ரியல் எஸ்டேட் மூலதனத்தின் கைக்குப் போயின. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் ஆடம்பர மாலும் மல்டிபிளெக்ஸும் எழுந்தன. கமலா மில்ஸ் வளாகத்தில் உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்தன. 2017 டிசம்பர் 29 அன்று அங்கே மாடிக் கேளிக்கை விடுதியில் மூண்ட தீயில் 14 பேர் மாண்டனர்.

தொழிலாளி உற்பத்தி செய்த நிலம் கேளிக்கைச் சந்தையாகிவிட்டது. அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் அங்கே காவலாளிகளாகவும், உணவு கொண்டுசெல்லும் டெலிவரி ஊழியர்களாகவும் நுழைகின்றனர். டிக்கெட் வாங்கி உள்ளே செல்வது அவர்களுக்கு எளிதன்று. அவர்களின் பொழுதுபோக்கு கைபேசியின் சிறு திரைக்குள் சுருங்கிவிட்டது. அந்தத் திரையில் என்ன வரவேண்டும் என்பதைப் பெருநிறுவனங்களின் விளம்பரக் கணக்கு தீர்மானிக்கிறது. வெறுப்பைப் பரப்பும் பாட்டும், பணத்தைப் பறிக்கும் சூதாட்டமும் அதே திரையில் விளையாட்டுப் போல வந்து அமர்கின்றன.

ஆயினும் ஷாஹிர் மரபு அற்றுப்போகவில்லை. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்த தலித் மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் கொல்லப்பட்டனர். அந்தத் துயரம் தாளாமல் இடதுசாரிப் பாடகர் விலாஸ் கோக்ரே தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவரில் தொடங்கி, பாடிப் போராடும் தலித் கலைஞர்களின் வரலாற்றை ஆனந்த் பட்வர்தன் 'ஜெய் பீம் காம்ரேட்' என்னும் ஆவணப்படமாக 2011இல் தந்தார்.

முன்னுள்ள கடமைகள்

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கடமைகள் எழுகின்றன, தோழர்களே.

முதலாவது: உழைக்கும் மக்கள் எதை ரசிக்கிறார்கள் என்பதை இகழ்ச்சியின்றி ஆராய வேண்டும். திரைப்பாடல், குறுங்காணொளி, கைபேசி விளையாட்டு எதுவாயினும், அதில் அவர்கள் தேடுவது என்ன என்று கேட்டறிய வேண்டும். அந்த வடிவத்தின் உள்ளிருந்து மாற்றைப் படைப்பதே செங்கொடிக் கலைக்குழு காட்டிய வழி.

இரண்டாவது: பொழுதுபோக்குத் துறையின் உழைப்பாளிகளை அமைப்பாக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்தின் தினக்கூலித் தொழிலாளி, கணினி வரைகலைக் கூடத்தில் இரவு பகலாக உழைக்கும் இளைஞர், நாட்டுப்புறக் கலைஞர் ஆகிய மூவருக்கும் பணிப் பாதுகாப்பும் உரிய ஊதியமும் கோரிக்கைகளாக வேண்டும்.

மூன்றாவது: ஒழுக்கத்தின் பெயரால் வரும் தணிக்கை யாருடைய வாயை அடைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். 'ஆபாசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி ஆணவமும் ஆட்சியாளரின் அச்சமும் ஒளிந்திருக்கக்கூடும் என்பதைத் தமாஷாவின் தடை கற்பித்தது.

அண்ணாபாவிடம் அரங்கம் இல்லை, முதலீடு இல்லை, பள்ளிப் படிப்பும் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு டோலக்கி, இரண்டு தோழர்கள், தன் மக்களின் மொழி. இன்று ஒவ்வொரு கிளையிலும் அந்த மொழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பண்பாட்டுப் பணியை முதற்பொருளாக வைத்து விவாதிப்பது, செய்ய வேண்டிய பணியின் எளிய தொடக்கமாக அமையும்.