புகையைக் கண்டால் எந்தப் பக்கம் ஓடுவது?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வில்வித்தை, வேட்டை, காட்டில் தப்பிப் பிழைக்கும் வித்தை எல்லாம் சொல்லித் தரலாமா?" என்பது. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒரு அக்கா, "ஏன், நம்ம பிள்ளைகளை வனவாசமா அனுப்பப் போறோம்?" என்று கேட்டுவிட்டார். சிரிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் யோசிக்க வேண்டிய கேள்வியும்கூட.

முதலில் வில்வித்தை. தாராளமாகச் சொல்லித் தரட்டும். ஜார்க்கண்ட் மாநிலத்துத் தீபிகா குமாரி ஆட்டோ ஓட்டுபவரின் மகள். சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் அடித்த பிள்ளை, 2010-இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வில்வித்தையில் தங்கம் வாங்கியது. நம்ம பிள்ளைகளும் குறி பார்த்து வேப்பங்காய் அடிக்கிறவர்கள்தானே!

வேட்டை வேண்டாம். நம்ம கரிசல் காட்டில் முயல் வேட்டைக்குப் போன கதையைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்றைக்கு அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வேட்டைக்காரரின் கண்ணும் பொறுமையும் வீணாகப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். சட்டம் அதைத் தடுத்ததும் பிழைப்புப் போனது. பிறகு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த விஷம்தான் பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்தாகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கொல்லப் பழகிய வித்தை உயிர் காக்கும் வித்தையாக மாறியது. நமக்கு வேண்டியது அந்த வித்தைதான்.

இனி, காட்டில் பிழைப்பது. சகோதரிகளே, நம்ம பிள்ளைகளுக்குக் காடு எது? புலியும் கரடியும் இருக்கிற காடு இல்லை. கண்மாய், பாழுங்கிணறு, தண்ணி நிக்கிற கல்குவாரி, பாம்பு கிடக்கிற சோளத்தட்டைப் படப்பு, ஊரைச் சுற்றியிருக்கும் பயர் ஆபீஸ். இதுதான் நம்ம காடு.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதியை நம்ம அச்சங்குளம் மறக்காது. அன்று இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்னால், 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி. அங்கே இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் வெடியில் தப்பியவர்களை அடுத்த வெடி கொண்டுபோனது. நல்ல மனசோடு ஓடியவர்கள்தான். எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு பாடம் எத்தனை உயிரைக் காக்கும்? 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு வரும் விதத்தைப் பார்த்து "சுனாமி வரப்போகுது" என்று கத்தினாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பூகோள வகுப்பில் படித்திருந்தாள். அந்தக் கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் தப்பினார்கள். ஒரே ஒரு வகுப்பு!

நம்ம பள்ளிக்கூடத்துக்கு நான் கேட்பது நாலே பாடம்.

ஒன்று, வெடிச் சத்தமோ புகையோ வந்தால் எதிர்ப்பக்கம் ஓடு, பெரியவர்களிடம் சொல், 101-க்கும் 108-க்கும் போன் போடு. ரோட்டோரம் கிடக்கும் வெடிக்காத பட்டாசையும் கழிவு மருந்தையும் தொடாதே.

இரண்டு, உடையில் தீப்பிடித்தால் ஓடாதே, தரையில் உருளு. தீக்காயத்தில் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஊற்று. பேஸ்ட்டும் வேண்டாம், மையும் வேண்டாம்.

மூன்று, பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, நடக்கவிடாதே. மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

நாலு, நீச்சல். எங்க அப்பா அண்ணன் முதுகில் காலி டின்னைக் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பழக்கினார். நான் கேட்டதற்கு, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார். தண்ணிக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? ஒரு பிள்ளை முங்குகிறது என்று அடுத்தது குதித்து, அதைக் காப்பாற்ற இன்னொன்று குதித்து, மூன்றும் போன செய்தியை எத்தனை தடவை பேப்பரில் படிக்கிறோம்! நீ குதிக்காதே, சேலையை வீசு, கயிற்றை வீசு, காலிக் குடத்தை உருட்டிவிடு. இதை எல்லாப் பிள்ளைக்கும் சொல்லணும்.

"வாத்தியாருக்கு இருக்கிற வேலையே போதாதா?" என்று கேட்பீர்கள். நியாயம். மாதம் ஒரு மணி நேரம் போதும். தீயணைப்பு நிலையத்துக்காரர்களைக் கூப்பிடலாம், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவைக் கூப்பிடலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தப்பிக்கச் சொல்லித் தந்துவிட்டோம் என்பதால் ஆலை முதலாளியின் பொறுப்பும் அதிகாரிகளின் பொறுப்பும் தீர்ந்துவிடாது. அறைக்குள் அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் வைத்தால் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி பெரியவர்களுடையது. அதைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது நாம்தான். கடன் வாங்கவும் தவணை கட்டவும் கூடிக் கூடிப் பேசுகிற நாம், அடுத்த பள்ளிக் கூட்டத்தில் இந்த நாலு பாடத்தைத் தீர்மானமாக எழுதி வைப்போம். "கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்" என்று வராமல், வாயைத் திறந்து கேட்டுவிட்டு வருவோம்.

வில்லும் அம்பும் பிறகு வரட்டும். முதலில் நம்ம பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பட்டும்.