எந்தப் பக்கத்து ஏரி?



'குழந்தைகளும் இயற்கையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளைகளை வெளியே விடுங்கள், மரம் ஏறட்டும், தண்ணீரில் குதிக்கட்டும், இயற்கை மேல் தானாகப் பாசம் வந்துவிடும் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 'வெளி' எந்தப் பிள்ளைக்குத் திறந்திருக்கிறது?

1901இல் ஒரு கோடை விடுமுறை. சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் உறவுச் சிறுவர்களோடும் கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார். மசூர் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டி. திறந்த வெளி, மலையடிவாரம், இரவு. சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்துத் தேடிப் போகும் காட்சி அது. கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடிக்காரரும் தரவில்லை. பட்டினியோடு படுத்தார்கள். அந்த இரவு அந்தப் பிள்ளைகளுக்கு இயற்கையைப் பற்றி என்ன கற்றுக்கொடுத்திருக்கும்? அதே சிறுவன்தான் 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

நான் வளர்ந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஏரியோரத்துச் சேரியில். மதகுப் பக்கம் ஊராருக்கு, கலங்கல் பக்கம் எங்களுக்கு. எழுதி ஒட்டவில்லை, ஆனால் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். நண்டு வளையின் வாயில் ஈரமண் புதிதாகத் தள்ளியிருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது, வாய் வழவழவென்று தேய்ந்திருந்தால் கையை விடாதே என்பது ஆயா சொல்லிக்கொடுத்த பாடம். முக்குளிப்பான் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு போவதைக் கலங்கல் மேல் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தினமும் போனோம், அங்கே யாரும் விரட்டவில்லை. அதனால்தான் அந்த ஏரி எனக்குள் வந்தது. மதகுப் பக்கம் போனால் கல் பறந்து வரும். அங்கே எந்த மரத்தில் எந்தப் பறவை அடைகிறது என்பதை முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். பாதி ஏரியைத்தான் சிறு வயதில் நேசிக்க முடிந்தது.

இன்னொன்று. சலீம் அலி சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அது என்ன குருவி என்று கேட்கப் போனவருக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கதவு திறந்தது. நல்லது, நாட்டுக்கு ஒரு பெரிய பறவையியலாளர் கிடைத்தார். எங்கள் பக்கத்து இருளர் பிள்ளை எலியும் பாம்பும் போன தடத்தை மண்ணில் வாசிக்கிறது. அதற்குப் பெயர் வயிற்றுப்பாடு. அதை அறிவு என்றோ, இயற்கை நேயம் என்றோ யாரும் சொல்வதில்லை. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைக்க 2023 ஆக வேண்டியிருந்தது. (விருது வந்த பிறகும் இருளர் பிள்ளைகளைப் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார வைப்பது நின்றுவிடவில்லை.)

ஆகவே மரம் நடுகிற, ஏரி தூர்வாருகிற இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். தூர்வாரி முடித்த ஏரியில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் துறையிலும் இறங்குகிறார்களா என்று பாருங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆறு, ஓடை, கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. மே 1 கிராம சபையில் இதை எழுப்புங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் பறவை பார்க்கப் போகிறார்கள். இந்த முறை மதகுப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். பெரியவர்கள் சிலர் கூட இருந்தால் நல்லது. காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்.