குரலின் எல்லைக் காவல்

மலைகளை மதிலாகவும் மகாவலியை அகழியாகவும் கொண்டு வாழ்ந்தது பழைய கண்டி இராச்சியம். எனினும் மதிலும் அகழியும் மட்டும் ஒரு நாட்டைக் காத்துவிட மாட்டா. வருவோரையும் போவோரையும் வினவி, விட வேண்டியவரை விட்டு, நிறுத்த வேண்டியவரை நிறுத்தும் கடவைகளும் வேண்டும். கண்டிக்கு அத்தகைய கடவைகள் இருந்தன. சிங்களத்தில் ‘கடவத்த’ எனப்பட்ட சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘கிரவெட்’ என்று திரிந்தது. கண்டி மாநகர் அடங்கிய பிரதேச செயலாளர் பிரிவு இன்றும் ‘நான்கு கிரவெட்ஸ்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அக்கடவைகள் இயங்கிய முறையை நேரிற் கண்டு எழுதிவைத்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டிலே திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட அவர், இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்சியில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிற் கழித்து, 1679இல் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் முட்கதவுகளைப் பற்றிய செய்தி உண்டு. ஆணிபோன்ற முட்களையுடைய கிளைகளை நெருக்கமாகப் பின்னி, யானைமீது இருப்பவரும் நுழையத்தக்க உயரத்திற் கட்டிய கதவுகள் அவை. அரசன் வாழ்ந்த நகரிலிருந்து புறப்படும் வழிகளிலே, களிமண்ணிற் பதித்த முத்திரை இல்லாதவர் எவரும் கடக்க இயலாது. போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய மனித உருவம். கூலியாளுக்குக் காவடித்தண்டின் இருபுறமும் மூட்டை தொங்கச் சுமக்கும் உருவம். வெள்ளையருக்கு வாளும் தொப்பியும் அணிந்த உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ, களிமண்ணில் அத்தனை பதிவுகள் இருத்தல் வேண்டும். உள்ளே வருவோரைக் காட்டிலும் வெளியே செல்வோரையே காவலர் கூடுதலாகச் சோதித்தனர் என்றும் நொக்ஸ் குறிப்பிடுகின்றார்.

முட்கதவுகள் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும், கண்டியிலிருந்து புறப்படும் மனிதக் குரலுக்கு இக்காலத்திலே மீண்டும் அத்தகைய கடவை ஒன்று ஏற்பட்டிருக்கின்றது. அதனை ஆங்கிலத்தில் ‘செஷன் போடர் கொன்ட்றோலர்’ என்பர். தமிழில் உரையாடல் எல்லைக் காவலி என்று சொல்லலாம். சுருக்கமாக எல்லைக் காவலி எனினும் பொருந்தும். தொலைபேசி நிறுவனங்களும் பெரிய அலுவலகங்களும் தத்தம் வலையமைப்பின் வாயிலில் இதனை நிறுத்துகின்றன. இது பெரும்பாலும் மென்பொருளால் இயங்குவது. ஆகவே இதற்குக் காலந்தோறும் புதிய பதிப்புகள் வெளிவருகின்றன. அப்பதிப்புகளிற் புதிதாகச் சேர்ந்துள்ள ஆற்றல்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணுதல் ஆகாது. தொலைபேசி மணி ஒலிக்கும்போது அழைப்பவர் எவர் என்று நம்பி எடுக்கும் ஒவ்வொருவரையும் அவை தொடுகின்றன.

முன்னாளில் ஓர் அழைப்புக்குச் செப்புக்கம்பியில் ஒரு தனிப்பாதை ஒதுக்கப்பட்டது. இன்று இணையத்தின் வழியே செல்லும் குரல் அவ்வாறு செல்வதில்லை. அது ஒரு வினாடியில் 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகின்றது. அவ்வெண்கள் பெரும்பாலும் வினாடிக்கு ஐம்பது சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு அனுப்பப்படுகின்றன. அழைப்பைத் தொடங்குவது, மணியை ஒலிக்கச் செய்வது, உரையாடலை முடிப்பது ஆகியவற்றுக்கு ‘சிப்’ என்ற பொதுநெறி ஒன்று உண்டு. 1999இல் முதலில் வகுக்கப்பட்டு, 2002இல் திருத்தி அமைக்கப்பட்ட நெறி அது.

பேராதனையில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து சென்னைக்கு ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கருவிக்கு அலுவலகத்தின் உள்ளே வழங்கும் முகவரி ஒன்று உண்டு. வெளியுலகில் அம்முகவரிக்குப் பொருள் இல்லை. வீட்டாருக்குள் வழங்கும் செல்லப்பெயரைக் கடித உறையின்மேல் எழுதினால் தபாற்காரர் என்ன செய்வார்? அதுபோலவே விடைக்குரல் வழி தெரியாமல் நின்றுவிடும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், மற்றவர் பேசுவது இவருக்குக் கேளாது. எல்லைக் காவலி நடுவில் நின்று இக்குறையைத் தீர்க்கின்றது. உள்ளிருந்து வரும் அழைப்பைத் தானே ஏற்று, தன் பெயரால் வெளியே வேறோர் அழைப்பைத் தொடங்கி, இரண்டையும் பிணைக்கின்றது. இதனால் உள்வீட்டின் அமைப்பு வெளியாருக்குத் தெரியாமலும் போகின்றது. இருபுறமும் குரலைச் சுருக்கும் முறைகள் வேறுபட்டால், மொழிபெயர்ப்பாளர் போல ஒன்றை மற்றொன்றாக மாற்றியும் கொடுக்கின்றது. பொய்யழைப்புகள் வெள்ளமென வந்து மோதும்போது அவற்றை வாயிலிலேயே தடுக்கின்றது.

வெளிச்செல்வோரைக் கூடுதலாகச் சோதித்த கண்டிக் காவலரின் வழக்கம் இங்கே நினைவுகூரத்தக்கது. தொலைபேசித் திருட்டுகளிற் கொடியது வெளிச்செல்லும் அழைப்பிலேயே நிகழ்கின்றது. அலுவலகம் பூட்டியிருக்கும் விடுமுறை இரவில் எங்கோ இருக்கும் திருடர் அதன் இணைப்பகத்தில் நுழைகின்றனர். கட்டணம் மிகுந்த தொலைநாட்டு எண்களுக்கு ஓயாமல் அழைப்பு விடுக்கின்றனர். அக்கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களைச் சேரும். முழுப்பணத்துக்கான பட்டியலோ அலுவலகத்துக்கு வரும். எந்நேரத்தில், எந்நாட்டுக்கு, எத்தனை அழைப்புகள் போகலாம் என்று எல்லைக் காவலியில் வரையறுத்து வைப்பவர் இவ்விழப்பிலிருந்து தப்புவர். வாயிலில் நின்று வருவோரை மட்டும் பார்க்கும் காவல் அரைக்காவலே ஆகும்.

அண்மைப் பதிப்புகளிற் சேர்ந்துள்ள ஆற்றல்களுள் தலையாயது அழைப்பவரின் எண்ணுக்குக் கையொப்பம் இடுவதாகும். இணையவழி அழைப்பிலே அழைப்பவர் தமக்கு வேண்டிய எண்ணைத் தாமே எழுதிக்கொள்ள முடியும். வங்கியின் எண்ணைக் காட்டி வஞ்சகரும் அழைக்கலாம். இதற்கு மாற்றாக 2018ஆம் ஆண்டில் ‘ஸ்டிர்’ என்னும் நெறி வகுக்கப்பட்டது. அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் அதனுடன் ஓர் இலக்கமுறை முத்திரையை இணைத்து அனுப்பும். பெறும் நிறுவனம் அதனைச் சரிபார்க்கும். இடையில் எவரேனும் எண்ணை மாற்றினால் முத்திரை பொருந்தாது. அம்முத்திரைக்கு அந்நெறியை வகுத்தோர் இட்ட பெயர் ‘பாஸ்போட்’ என்பதே. கடவுச்சீட்டு என்னும் பொருள்பட அவர்கள் அமைத்த அப்பெயர், களிமண் முத்திரை கண்ட கண்டிக்கு அந்நியமானதன்று.

இம்முத்திரையிலும் தரவேறுபாடு உண்டு. ‘ஷேக்கன்’ என்னும் நடைமுறை அதனை மூன்றாக வகுக்கின்றது. இவர் எம் வாடிக்கையாளர், இந்த எண்ணைப் பயன்படுத்தும் உரிமையும் இவருக்கு உண்டு என்று நிறுவனம் உறுதி கூறுவது முதல் தரம். இவரை அறிவோம், ஆனால் எண்ணின் உரிமையை அறியோம் என்பது இரண்டாம் தரம். வேறொரு வலையமைப்பிலிருந்து எம் வாயிலுக்கு வந்தது, அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்பது மூன்றாம் தரம். ஐக்கிய அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30ஆம் நாளுக்குள் இதனை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கட்டளை பிறந்தது. கனடாவிலும் அவ்வாண்டின் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது.

இம்முத்திரை எதற்குச் சான்று, எதற்குச் சான்று அன்று என்பதைத் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். எண் மெய்யானது என்பதற்கு மட்டுமே அது சான்று. பேசுபவர் நேர்மையானவர் என்பதற்கு அன்று. தம் பெயரில் முறைப்படி பெற்ற எண்ணிலிருந்து ஒருவர் பொய் பேசினாலும் முதல்தர முத்திரையே விழும். ஈட்டி உருவம் பதித்த களிமண் போர்வீரன் என்று காட்டுமேயன்றி, அவன் நெஞ்சில் உள்ளதைக் காட்டாது. மேலும், அழைப்பு செல்லும் வழியில் பழைய முறையிலான இணைப்பு ஒன்று குறுக்கிட்டால் முத்திரை அங்கேயே கழன்றுவிடும். நாடுவிட்டு நாடு வரும் அழைப்புகளுக்கு, இருநாடுகளும் ஒன்றன் முத்திரையை மற்றொன்று ஏற்றுக்கொண்டாலன்றிப் பயன் இல்லை. கடல்கடந்து வாழும் மக்களிடமிருந்து வரும் அழைப்பை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்கள் பல உள்ள நாட்டுக்கு இது சிறிய செய்தி அன்று.

இரண்டாவது ஆற்றல் இரகசியத்தைப் பற்றியது. 2018இல் வகுக்கப்பட்ட வலுவான மறைக்குறியீட்டு முறையைப் புதிய பதிப்புகள் ஏற்றுள்ளன. 2021 மார்ச்சில் பழைய முறைகள் இரண்டு கைவிடத்தக்கவை என்று அறிவிக்கப்பட்டன. பாதுகாப்புக்கு இது நன்று. எனினும் இதிலே ஒரு சிக்கல் உண்டு. புதிய பதிப்பை நிறுவிய இரவில், பழைய முறை மட்டுமே அறிந்த தொலைபேசிக் கருவிகள் வாயிலிலேயே தடைப்பட்டு ஊமையாகிவிடக்கூடும். நகரில் உள்ள தலைமை அலுவலகத்தில் எல்லாம் சீராக இயங்க, மலைச்சரிவில் உள்ள தோட்ட வைத்தியசாலையின் பழைய கருவி மட்டும் மறுநாட் காலையில் ஒலியற்றுக் கிடக்கலாம். ஆகையால் எந்தக் கருவி எங்கே இருக்கின்றது என்ற கணக்கை முன்னரே எடுக்காதவர் புதிய பதிப்பை நிறுவுதல் தகாது. காவலிகளை இரட்டையாக வைத்து, ஒன்று பணியாற்ற மற்றொன்றைப் புதுப்பித்து, குறை தோன்றினால் பழைய பதிப்புக்கே திரும்பும் வழியையும் திறந்து வைத்திருப்பதே முறை.

மூன்றாவது ஆற்றல் ஆபத்துக்கால அழைப்பைப் பற்றியது. கண்டி மாவட்டத்துக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையால் மலைகள் சரிந்து பல உயிர்கள் மாண்டன. அத்தகைய வேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுப்பர். வாயில் நெரிசலுறும். நெரிசலைக் கண்ட காவலி, தாங்கும் அளவுக்கு மேற்பட்ட அழைப்புகளை மறுத்தல் இயல்பு. ஆனால் 119இல் பொலிசாரையும், 1990இல் நோயாளர் காவுவண்டியையும், 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் நாடும் குரலை மறுத்தல் பெரும்பிழை. அவ்வெண்களை முன்னரே குறித்து, எவ்வளவு நெரிசலிலும் அவற்றுக்கென இடம் ஒதுக்கிவைக்கக் காவலியிலே வழி உண்டு. அழைப்பவர் நிற்கும் இடத்தின் குறிப்பைச் சேர்த்து அனுப்பவும் இயலும். காவலியின் இணை ஒன்றை வேறு ஊரில் நிறுத்தி, ஓரிடம் இருளில் மூழ்கினால் மற்றோரிடம் பணியை ஏற்கச் செய்யவும் முடியும். கம்பியே அறுந்துபோன ஊருக்கு இவை உதவா என்பது உண்மை. ஆயினும் கம்பி அறாத ஊரின் குரல், ஒழுங்கற்ற காவலினால் வாயிலில் மடியலாகாது அன்றோ? வழி உண்டு என்பதனாலேயே அது செயற்படும் என்று எண்ணிவிடவும் ஆகாது. எண்களைக் குறித்து வைப்பதும், மழைக்காலத்துக்கு முன் சோதித்துப் பார்ப்பதும் மனிதர் கடமை.

இனி, இக்காவலியை நிறுத்துவோருக்கு உரிய பொறுப்பு ஒன்று உண்டு. எல்லாக் குரலும் கடந்து செல்லும் வாயிலில் நிற்பது எல்லாக் குரலையும் கேட்கவும் வல்லது. உரையாடலைப் பதிவுசெய்யும் வசதி பல பதிப்புகளில் இருக்கின்றது. வங்கி போன்ற நிறுவனங்களுக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் எவர் குரல், எக்காரணத்துக்காக, எத்தனை நாளுக்குப் பேணப்படுகின்றது என்பதைப் பேசுபவர் அறிதல் வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பொறுப்புகளை மனத்திற்கொண்டே இயற்றப்பட்டது.

பொறியியற் பீடமும் நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் பணிமனையும் பேராதனையிலேயே இருத்தலால், இத்துறைக்கு வேண்டிய அறிவு கண்டிக்கு அண்மையிலேயே உண்டு. 2020இல் பெருந்தொற்றுக் காலத்திலே மாணவர் தத்தம் வீடுகளிலிருந்து விரிவுரை கேட்க அவ்வலையமைப்பு துணை நின்றது. அத்தகைய அறிவு தோட்ட வைத்தியசாலைக்கும், சிறு வணிகருக்கும், ஊர்ப் பாடசாலைக்கும் எட்டுமாயின் மலைநாட்டின் தொலைபேசி வாயில்கள் செம்மையுறும்.

பொதுமக்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் எவராயினும், திரையில் எந்த எண் தோன்றினும், அழைப்பை அங்கேயே துண்டித்துவிட வேண்டும். பின்னர் வங்கிப் புத்தகத்திலோ வங்கி அட்டையிலோ அச்சிட்டுள்ள எண்ணுக்குத் தாமே அழைத்து விசாரித்தல் வேண்டும். எந்தக் காவலியும் தர இயலாத உறுதியை இவ்வெளிய வழக்கம் தரும். காவலுக்கு இழுக்கு இரண்டு: கள்வனை உள்ளே விடுதல் ஒன்று, உதவி நாடி ஓடிவந்த அயலவனை வெளியே நிறுத்துதல் மற்றொன்று. புதிய பதிப்பு ஒவ்வொன்றையும் எடை போடுவோர் இவ்விரண்டும் அதனாற் குறைகின்றனவா என்று பார்த்து எடை போடுவாராக.